மனை வாணிகமும் மாணவரும்

தருமபுரியினின்று சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிற் பயணம் செய்வார், பேருந்தின் சாளர வழியே இருமருங்கும் நோக்குவாராயின், கேழ்வரகும் சாமையும் அவரையும் விளைந்த புன்செய்களில் இப்பொழுது வேறொரு பயிர் முளைத்திருத்தலைக் காண்பர். வெள்ளையும் மஞ்சளும் பூசிய சிறு கற்கள் வரிசையாக நிற்கின்றன. முகப்பில் ஒரு வளைவு. வளைவின்மேல் ஏதேனும் ஒரு 'நகர்' என்னும் பெயர். பலநிறக் கொடிகள் காற்றிற் பறக்கின்றன. அந்நகரிற் குடிகள் இலர், ஆடுகள் மேய்கின்றன. ஆயினும், கல்லுக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட நிலம் இரு முறையோ மும்முறையோ கைம்மாறியிருத்தல் கூடும்.

இவ்வாணிகம் இன்று மாணவர் உள்ளத்தையும் ஈர்க்கத் தொடங்கிவிட்டது. எம் வகுப்புத் தோழர் ஒருவர் சென்ற ஆண்டு முதல் சனி ஞாயிறுகளில் மனை காட்டும் பணியிற் புகுந்து, எம் போல்வார் கண்டிராத தொகையை ஓரிரு முறை கையிற் பெற்றுள்ளார். அவர் எம்மீது கொண்ட அன்பினால் எம்மையும் அழைத்தார். தொழிலின் முதற்பாடம் யாதெனக் கேட்டோம். "உனக்குத் தெரிந்தவர் ஐம்பது பேருடைய பெயரை ஒரு தாளில் எழுது; முதலில் அவர்களிடம்தான் போக வேண்டும்; அவர்கள் உன்னை மறுக்கமாட்டார்கள்" என்றார். யாமும் எழுதத் தொடங்கினோம். பெரியம்மையார், அத்தையார், சபை மூப்பர், எமக்கு அரிச்சுவடி கற்பித்த ஆசிரியை என ஒன்பது பெயர்கள் எழுதியதும் எழுதுகோல் நின்றது. அது நின்றமைக்குக் காரணம் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தரகுத் தொழிலை இழிதொழில் என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று. பெங்களூரில் கட்டட வேலையிலும் திருப்பூரில் பனியன் ஆலையிலும் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு சொந்த ஊரில் மூன்று சென்ட் நிலம் வாங்க விழைவார் நம் மாவட்டத்துப் பலர். மகள் திருமணத்திற்கோ மருத்துவச் செலவிற்கோ அரை ஏக்கரை விற்க வேண்டிய உழவரும் பலர். இவ்விருவரும் ஒருவரை ஒருவர் அறியார். இடைநின்று இணைப்பான் ஒருவன் வேண்டும்; அவன் உழைப்பிற்குக் கூலியும் வேண்டும். எமது ஐயம் தொழிலைப் பற்றியதன்று, அதனுள் நுழையும் வாயிலைப் பற்றியதே.

நிற்க. நிலத்தைத் தாளில் எழுதும் கலைக்கும் நம் மாவட்டத்திற்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாராமகால் நாடு திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார்க்கு வந்தது. அதனை ஆள அனுப்பப்பெற்ற அலெக்சாண்டர் ரீட் துரையின் துணைவருள் ஒருவராக வந்தவரே தாமஸ் மன்றோ. சென்னையில் இன்றும் குதிரைமீது அமர்ந்து காட்சியளிப்பவர் அவரே. 1799 வரை அவர் இந்நாட்டிற் பணியாற்றினார். தருமபுரியில் நெடுங்காலம் உறைந்தார். இவ்வதிகாரிகள் வயல்தோறும் அளவு சங்கிலி இழுப்பித்து, இன்ன நிலம் இன்னார்க்கு உரியது, இதன் தீர்வை இவ்வளவு என எழுதுவித்தனர். இடையில் சமீன்தார் ஒருவர் இன்றி உழவரோடு அரசு நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் இரயத்துவாரி முறை இங்கு உருப்பெற்றே பின்னர் இராசதானியிற் பரவியது. நாம் இன்று கையிற் கொள்ளும் பட்டாவுக்குப் பாட்டன் முறையான தாள்கள் நம் புன்செய்களின் வரப்பிலே பிறந்தன எனலாம்.

அவர்கள் அளந்தது வரி தண்டுதற்கே. குடிகள்மீது கொண்ட காதலால் அன்று. ஆதலின் அவர்களைப் புகழ்ந்து பாடுதல் எமது கருத்தன்று. ஆயினும் ஒன்று கருதுக. ஒரு நாட்டின் நிலத்தை அறிவதற்கு, படைவலியும் அதிகாரமும் உடையாரே ஆண்டுகள் பல வெயிலில் நடந்தனர். நாமோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மூன்று மணிநேரப் பயிற்சி பெற்று, நண்பகலில் பெரியம்மையாரிடம் மனை விற்கச் செல்கின்றோம்.

எம் இல்லத்தில் நிகழ்ந்ததை ஈண்டுக் கூறாது விடுதல் முறையன்று. நான்கு ஆண்டுகட்கு முன் எம் தந்தையார் நல்லம்பள்ளி வட்டத்தில் ஐந்து சென்ட் நிலம் வாங்க எண்ணி, 1,50,000 ரூபாய் முன்பணம் அளித்தார். இடைநின்றவர் எம் தந்தையாரை 'மாமா' என்று அழைக்கும் உறவு உடைய இளைஞர், தொழிலுக்குப் புதியவர், அவருடைய முதல் வணிகமும் அதுவே. அவர் பட்டாவைக் காட்டினார்; அதில் உடன்பிறந்தார் இருவர் பெயர் இருந்தது. வில்லங்கச் சான்றைக் காட்டினார். அதில் வில்லங்கம் எதுவும் இல்லை. இருபது ரூபாய் முத்திரைத்தாளில், பதிவு செய்யப்பெறாத ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. கிரயத்திற்கு நாள் குறித்த பின்னரே, அவ்விருவர்க்கும் மணமாகிப் பிற ஊரில் வாழும் தமக்கை ஒருவர் உளர் என்பதும், தந்தை இறந்தபின் பட்டாவில் அவர் பெயர் சேர்க்கப்பெறாமையும் தெரியவந்தன. அவ்வம்மையார் தம் பங்கைக் கேட்டு நீதிமன்றம் சென்றார். அவர் செய்தது முற்றும் நேர்மையே. முன்பணமோ சகோதரர் கையிற் செலவழிந்துபோயிற்று.

அவ்விளைஞர் எம் தந்தையாரை ஏமாற்ற எண்ணினாரல்லர். அவர் அறியாமையாற் செய்தார். எம் தந்தையார் உறவினன் என்னும் நம்பிக்கையாற் செய்தார். முன்பின் அறியாத தரகர் ஒருவர் வந்திருப்பின் எம் தந்தையார் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார், வழக்கறிஞரிடம் சென்றிருப்பார். தங்கை மகன் போன்றவனிடம் கேள்வி கேட்டல் அவனை ஐயுறுவதாகும் என நாணி வாளாவிருந்தார். 'மறுக்கமாட்டார்' என்று எம் தோழர் கூறிய அச்சொல்லின் உள்ளுறை இதுவே. இன்றும் அவ்விளைஞர் ஆலயத்தில் எம் குடும்பத்தார் அமரும் பக்கம் நோக்காது வெளியேறுகின்றார். பணம் ஒருநாள் மீளலாம். அவ்வீட்டிற்கும் எம் வீட்டிற்கும் இடையே இருந்த போக்குவரவு மீளும் எனும் துணிவு எமக்கு இல்லை.

அவர் அறியாது விட்டது யாது? எம் தெருவில் வாழும் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் சென்ற கோடை விடுமுறையில் எமக்கு அதனை விளக்கினார். கர்ணம், மணியம் என்னும் பரம்பரைப் பதவிகள் 1980-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பெற்ற பின், அவற்றினிடத்தில் அமைந்த பணியில் இருந்தவர் அவர். திண்ணையில் அமர்ந்து, எம் தந்தையார் பெற்ற தாள்களை ஒவ்வொன்றாக விரித்து, "தம்பி, ஒரு தாள் என்ன சொல்லுது என்று மட்டும் பார்க்காதே, என்ன சொல்லாது என்று பார்" என்றார்.

பட்டா என்பது வருவாய்த்துறையார் வைக்கும் கணக்கு. தீர்வைக்கு உரியார் இவர் என்று அது கூறும். அது ஒன்றே உரிமையை நிலைநாட்டாது. வில்லங்கச் சான்று பதிவு அலுவலகத்திற் பதிவான ஆவணங்களை மட்டும் கூறும். வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகத்தையும், பதியப்பெறாத உயிலையும், பங்கு கேளாது காத்திருக்கும் தமக்கையையும் அது கூறாது. அவற்றை அறிய வாரிசுச் சான்று வேண்டும். அதற்கும் மேலாக ஊருக்குட் சென்று வினவ வேண்டும். இந்துக் குடும்பமாயின், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின்படி மகளும் முதல்வகுப்பு வாரிசு ஆவாள். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகட்கும் பிறப்புரிமையாகச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும், இந்திய நாடு முழுமைக்கும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் வந்தது. எம்போன்ற கிறித்தவக் குடும்பத்தார்க்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் உளது. ஆகவே, நிலத்தைப் பார்க்கச் செல்வான் முதலில் கேட்க வேண்டுவது 'சென்ட் என்ன விலை?' என்பதன்று, 'உங்களுடன் பிறந்தார் எத்துணைப் பேர்?' என்பதே.

இவற்றின்பின் புலப்படத்தைக் கையிற்கொண்டு நிலத்தில் நடத்தல் வேண்டும். எம்மை அப்பெரியார் அவ்வாறே நடத்தினார். படத்தில் இரட்டைக் கோடாக வளைந்து சென்ற ஓர் ஓடை, நிலத்தில் நிரவப்பெற்று மேலே செம்மண் பரப்பப்பெற்றிருந்தது. அதன்மேல் இரண்டு மனைக்கற்கள் நின்றன. மழையில்லாத மாதத்தில் வந்து பார்ப்பார் அதனை மேட்டுநிலம் என்றே கருதுவர். ஆயின் ஐப்பசி மழை அவ்வாறு கருதாது. அவ்விரண்டு மனைகளை வாங்கியவர் யாவர் என அறியோம். வாங்குவித்தவர் புலப்படத்தைப் பார்த்திரார் என்பது மட்டும் திண்ணம். சிட்டாவும் புலப்படமும் இன்று அரசின் இணையதளத்தில் எவரும் வீட்டிலிருந்தே காணத்தக்கன. கண்டும் நடவாதான் காணாதவனே.

வேதாகமம் பயின்றார்க்கு எரேமியா நிலம் வாங்கிய வரலாறு நினைவுக்கு வரும். எருசலேம் முற்றுகையிடப்பட்டு, தாம் காவலில் இருந்த காலத்தில், தம் தந்தையுடன் பிறந்தவரின் மகனிடமிருந்தே அவர் ஆனதோத்து நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். விற்றவர் உறவினர் என்பதற்காக ஒன்றையும் அவர் தளர்த்தவில்லை. சாட்சிகளை வைத்தார், வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார், முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று என இரண்டு எழுதுவித்து மட்பாண்டத்தில் வைப்பித்தார். நம் தமிழ் வேதாகமத்தில் அதற்கு வழங்கும் சொல்லும் 'கிரயப்பத்திரம்' என்பதே.

இனித் தரகர் ஆவார்க்குச் சட்டம் விதித்திருப்பதைப் பார்ப்போம். 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ அமையும் திட்டங்கள் ஒழுங்குமுறை ஆணையத்திற் பதிவு பெறுதல் வேண்டும். அவற்றை விற்றுக்கொடுக்கும் தரகரும் தனியே பதிவு பெறுதல் வேண்டும். பதிவு பெறாத திட்டத்தை விற்க அவர் துணைநிற்றல் ஆகாது. இல்லாத வசதியை உண்டெனக் கூறுதலும் ஆகாது. பதிவின்றித் தரகு செய்வார்க்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், அம்மனையின் விலையில் நூற்றுக்கு ஐந்து வரை ஒறுப்பு உண்டு. விற்போன் விலையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் முன்பணம் பெறுவானாயின், அதற்கு முன் ஒப்பந்தம் பதிவாதல் வேண்டும். எம் தோழரிடம் 'நினக்குப் பதிவு எண் உளதோ?' என்றோம். அவர் நிறுவனத்தாருடைய எண்ணைக் கூறினார். 'அது அவர்தம் எண்; நின் எண் யாது?' என்றதற்கு அவர் சிரித்துப் பேச்சை மாற்றினார். நிறுவனத்தின் நிழல் நிற்பான் ஒவ்வொருவனையும் எவ்வளவு தூரம் காக்கும் என்பதனை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வேண்டும் என்பதும் புதிய செய்தியன்று. ஆயினும் பல்லாண்டுகள் ஒப்புதல் பெறாத மனைகள் தமிழ்நாடெங்கும் தங்குதடையின்றிப் பதிவாயின. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பதியலாகாது எனத் தடுத்தது. அன்று ஒரே நாளில், பலர் தம் சேமிப்பு முழுவதையும் இட்டிருந்த மனைகள் விற்க முடியாதனவாயின. 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொணர்ந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் உண்டான மனைப்பிரிவுகட்கு வழிகாட்டியது. அம்மனைகளை விற்ற தரகர்கள் அக்காலத்தில் எங்குச் சென்றனர்? பலர் அதே தெருவில் இருந்தனர். வாங்கியவரும் அதே தெருவில் இருந்தனர். சிற்றூரில் தரகு செய்வான் தன் தவற்றை விட்டு ஓடவும் இயலாது.

பொருளை மனையில் இட விரும்பும் இளைஞர்க்கும் ஒரு சொல். நிலம் விலை குறையவே குறையாது என்பது எங்கும் கேட்கப்படும் பேச்சு. கணக்கிட்டுப் பார்ப்போம். 5,00,000 ரூபாய்க்கு ஒரு மனையை வாங்கி, முழுவிலையும் பத்திரத்தில் காட்டுவதாகக் கொள்க. 2023 ஏப்ரல் முதல் முத்திரைத்தீர்வையும் மாற்றுத்தீர்வையுமாக நூற்றுக்கு ஏழு, பதிவுக்கட்டணம் நூற்றுக்கு இரண்டு. ஆக 45,000 ரூபாய். தரகு நூற்றுக்கு இரண்டு எனின் 10,000. மனை கைக்கு வருமுன்னரே 5,55,000 ஆயிற்று. இத்தொகையை நூற்றுக்கு ஏழு வட்டி தரும் வைப்பில் இட்டிருப்பின், ஐந்தாம் ஆண்டு இறுதியில் ஏறக்குறைய 7,78,000 ஆகியிருக்கும். அவ்வைந்து ஆண்டில் மனை ஒரு காசும் தாராது. வேலி இடவும் முள் வெட்டவும் கேட்கும். விற்கும்பொழுது மீண்டும் தரகு, ஆதாயத்தின்மேல் வரி. வட்டிக்கும் வரி உண்டு எனினும், அதனை வாங்க ஆள் தேடி அலைய வேண்டுவதில்லை. ஐந்தாண்டில் 5,00,000 மனை 8,00,000-க்கு விற்பின் 'மூன்று இலட்சம் ஆதாயம்' என்று ஊர் வியக்கும். கணக்கறிந்தான் வியவான். வீடு கட்டி வாழ்தற்கு வாங்குவார்க்கு இக்கணக்குப் பொருந்தாது. அவர்க்கு அது தங்குமிடம். மறுவிற்பனைக்கு வாங்குவாரே இதனை எண்ண வேண்டும்.

இவ்வாதாயத்தைப் பெருக்கிக் காட்டற்கே சாலையும் தொழிற்பேட்டையும் ரயிலும் விளம்பரத் தாள்களில் ஓடி வருகின்றன. ரயிலை மட்டும் எடுத்துக்கொள்வோம். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ஆம் ஆண்டில் குறுகிய பாதை இடப்பெற்றது. 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அறவே மூடப்பெற்றது. புதிய மொரப்பூர்ப் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினர். அந்நாள் முதல் துண்டுத்தாள்களில் அவ்வண்டி ஓடிக்கொண்டே இருக்கின்றது. நிலையத்திற்கு 'ஐந்து நிமிட' தூரத்தில் இல்லாத மனையே மாவட்டத்தில் இல்லை போலும்! ரயில் வருவது நாட்டிற்கு நன்று. வருமுன்னரே அதன் பயணச்சீட்டை விற்றல் நன்றோ?

மற்றும் ஒன்று. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் பயனாக, ஒடுக்கப்பட்ட மக்கட்கு அரசு 1892 முதல் நிலம் வழங்கத் தலைப்பட்டது. பஞ்சமி நிலம் என வழங்கும் அந்நிலங்களை முதற் பத்தாண்டு எவர்க்கும் விற்றல் ஆகாது. அதன்பின்னும் அம்மக்களுக்கன்றிப் பிறர்க்கு விற்றல் ஆகாது என்பது நிபந்தனை. அங்ஙனமிருந்தும் அவற்றுள் மிகப்பல பிறர் கையிற் சென்றன. ஒவ்வொரு கைம்மாற்றத்திலும் இடைநின்றார் ஒருவர் இருந்திருப்பர். இன்று மலிவான விலையில் ஒரு நிலம் வரும்பொழுது, அது ஏன் மலிந்தது என்று வினவாத தரகர் அவ்வரிசையில் தாமும் ஒருவராய் நிற்கின்றார்.

இத்துணையும் கூறியது எம் தோழரை அத்தொழிலினின்று விலக்குதற்கன்று. அவர் நல்லவர், நாவன்மையும் உழைப்பும் உடையவர். அவர் முதல் ஓராண்டு ஒரு மனையும் விற்காது, தம் ஊர் ஒன்றன் புலப்படங்களையும் அ-பதிவேட்டையும் கற்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம் எழுதுவாரிடம் அமர்ந்து பழகி, தம் பெயரில் பதிவும் பெற்றுப் பின் வருவாராயின், அவரிடம் நிலம் வாங்க எம் பெரியம்மையாரை யாமே அழைத்துச் செல்வோம். அவ்வோராண்டுக்கு ஊதியம் இல்லை என்பது மெய். மருத்துவம் பயில்வானும் வழக்கறிஞன் ஆவானும் ஊதியமின்றியே கற்கின்றனர். பிறர் வாழ்நாட் சேமிப்பைக் கையாள்வான் மட்டும் கல்லாதே தொடங்கலாம் என்பது எவ்வழக்கோ அறியோம்.

நம் கல்லூரித் தலைவர்க்கும் பொருளியல், தமிழ்த் துறைத் தலைவர்கட்கும் இதனாற் பணிவுடன் விண்ணப்பித்துக்கொள்வது ஒன்றுண்டு. நம் மாணவருட் பெரும்பாலார் உழவர் மக்கள். செப்பேட்டையும் கல்வெட்டையும் படிக்கக் கற்பிக்கப்பெறும் யாம், எம் வீட்டுப் பெட்டியில் உள்ள பத்திரத்தைப் படிக்க அறியோம். 'நான்கெல்லைக்கு உட்பட்ட', 'சர்வ சுதந்தர பாத்தியமாய்' என்னும் அதன் நடையோ பல்லவர் செப்பேட்டு நடைக்கு அயலானதன்று. ஆண்டில் ஆறு மாலைப்பொழுதுகள், ஓய்வுபெற்ற வருவாய் அலுவலர் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் அழைத்து, பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம், தாய்ப்பத்திரம் ஆகியவற்றைப் படிக்கும் வகுப்பொன்று நடத்துவீர்களாயின், இத்தொழிலிற் புகுவார்க்கும் புகாதார்க்கும் அது பயன்படும். எம் தெருப் பெரியார் வருதற்கு இசைந்துள்ளார். முதல் வகுப்பிற் படித்துப் பிழை காண்பதற்கு எம் தந்தையாரின் இருபது ரூபாய் ஒப்பந்தத்தை யாமே கொண்டுவந்து தருவோம்.